ஹைட்ரஜன் ஃபியூயல் செல் வண்டிகளும் விமானங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹைட்ரஜன் என்று எடுத்தாலே ஒரு கூட்டம் "இனி எல்லாம் இதுதான்" என்கிறது, இன்னொரு கூட்டம் "ஐயோ, வெடிக்குமே" என்கிறது. விசாரித்துப் பார்த்தால் இரண்டு கூட்டமும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். அதனால் தரையில் ஓடுவதையும் வானில் பறப்பதையும் ஒரே இடத்தில் வைத்து, முடிந்தவரை கணக்கோடு எழுதியிருக்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிடிக்காதவர்கள் இங்கேயே சண்டைக்கு வரலாம்: ஃபியூயல் செல் நன்றாகவே வேலை செய்கிறது. தகராறு முழுக்க அதற்குப் போடும் தீனியை எங்கே அடைத்து வைப்பது, என்ன விலைக்கு வாங்குவது என்பதில்தான்.

ஃபியூயல் செல் என்பது இன்ஜினா, பேட்டரியா?

இரண்டுக்கும் நடுவில் ஒன்று. உள்ளே எதுவும் எரிவதில்லை, பிஸ்டன் கிடையாது. பேட்டரி தனக்குள் சேர்த்து வைத்த மின்சாரத்தைத் தரும், தீர்ந்தால் சார்ஜ் போட வேண்டும். ஃபியூயல் செல்லில் சேமிப்பு எதுவும் இல்லை, ஒரு பக்கம் ஹைட்ரஜனும் மறுபக்கம் காற்றும் வந்துகொண்டிருக்கும்வரை மின்சாரம் தயாரித்துக்கொண்டே இருக்கும்.

நடுவில் தலைமுடியைவிட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் சவ்வு, அதன் இரு பக்கமும் பிளாட்டினத் துகள் கலந்த கார்பன் பூச்சு. ஹைட்ரஜன் பிளாட்டினத்தில் பட்டதும் புரோட்டானாகவும் எலக்ட்ரானாகவும் பிரிகிறது. சவ்வு புரோட்டானை மட்டும்தான் உள்ளே விடும், எலக்ட்ரான் வெளியே கம்பி வழியாகச் சுற்றிக்கொண்டுதான் மறுபக்கம் போயாக வேண்டும். அது சுற்றுகிற வழியில் மோட்டாரை வைத்துவிட்டால் வண்டி ஓடும். மறுபக்கத்தில் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு எல்லாம் சேர்ந்து தண்ணீராகிவிடும்.

ஒரு செல் வேலை செய்யும்போது தருவது 0.6 அல்லது 0.7 வோல்ட்தான், டார்ச் செல்லின் பாதிகூட இல்லை. அதனால் நூற்றுக்கணக்கில் அடுக்குகிறார்கள். இரண்டாம் தலைமுறை டொயோட்டா மிராய் காரில் 330 செல்கள், மொத்தம் 128 கிலோவாட். கூடவே ஒரு சின்ன பேட்டரியும் இருக்கும், பிரேக் பிடிக்கும்போது வரும் மின்சாரத்தை வாங்கிக்கொள்ளவும் சட்டென்று வேகமெடுக்கும்போது கைகொடுக்கவும். ஆக, ஃபியூயல் செல் கார் என்பதும் மின்சார கார்தான், மின்சார ஆலையையும் கூடவே தூக்கிக்கொண்டு ஓடுகிறது, அவ்வளவே.

இது புதுக் கண்டுபிடிப்பா?

வில்லியம் குரோவ் 1839-லேயே செய்து காட்டிவிட்டார், பெட்ரோல் காரெல்லாம் அதற்கு வெகுகாலம் பிந்தியது. ஆனால் உருப்படியான வேலை கிடைத்தது விண்வெளியில்தான். 1965-இல் ஜெமினி 5 விண்கலத்தில் போனது, பிறகு அப்போலோ கலங்களில் மின்சாரமும் கொடுத்து, விண்வெளி வீரர்களுக்குக் குடிதண்ணீரும் கொடுத்தது. 1970-இல் அப்போலோ 13-இல் ஆக்சிஜன் டேங்க் வெடித்தபோது மின்சாரம், தண்ணீர் இரண்டும் ஒரேயடியாகத் திண்டாட்டமானது இதனால்தான். இஸ்ரோவும் 2024 ஜனவரி 1-இல் பி.எஸ்.எல்.வி. சி58 ராக்கெட்டின் கடைசிக் கட்டத்தில் 100 வாட் வகை ஃபியூயல் செல் ஒன்றை அனுப்பிச் சோதித்தது.

புகைக்குழாயில் வெறும் தண்ணீர்தான் வருமா?

ஆமாம், தண்ணீரும் வெதுவெதுப்பான காற்றும்தான். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு ஒன்பது கிலோ தண்ணீர், அதில் பெரும்பகுதி ஆவியாகப் போய்விடும். மிராயில் இதற்கென்றே ஒரு பொத்தான் இருக்கிறது: வண்டியை நிறுத்தும் முன் அழுத்தினால் தேங்கிய தண்ணீரை மொத்தமாகக் கொட்டிவிடும், வீட்டு கராஜ் தரை நனையாது.

அப்படியானால் மாசே இல்லையே?

வண்டியில் இல்லை. ஹைட்ரஜன் எங்கிருந்து வந்தது என்று கேட்டால்தான் முகம் மாறும். உலகம் ஆண்டுக்குத் தயாரிக்கும் 9 கோடி டன்னுக்கும் மேலான ஹைட்ரஜனில் கிட்டத்தட்ட எல்லாமே இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் வருவது. இயற்கை எரிவாயுவை நீராவியோடு சேர்த்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுத்தால் ஒன்பது, பத்து கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியே போகிறது. ஒரு கிலோவில் கார் சுமார் 100 கி.மீ. ஓடும் என்று வைத்தால், கிலோமீட்டருக்கு 100 கிராம் பக்கம் வருகிறது. ஒரு நல்ல பெட்ரோல் ஹைப்ரிட் காரும் அதே அளவுதான் விடும்! இவ்வளவு செலவு செய்து அதே இடத்தில் நிற்பதற்கு இந்தப் பாடு எதற்கு?

ஆகவே காற்றாலை, சூரிய மின்சாரத்தில் தண்ணீரைப் பிரித்து எடுக்கும் பச்சை ஹைட்ரஜன் என்றால் மட்டும்தான் இந்தப் பக்கத்தில் உள்ள மற்ற பதில்களுக்கு அர்த்தம் உண்டு. மத்திய அரசு 2023 ஜனவரியில் 19,744 கோடி ரூபாய் ஒதுக்கி தேசிய பச்சை ஹைட்ரஜன் இயக்கம் தொடங்கியது, 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் என்பது இலக்கு.

பேட்டரி காரோடு ஒப்பிட்டால் எது லாபம்?

இதை வார்த்தையில் பேசினால் விடிய விடியப் பேசலாம், யூனிட் கணக்கில் போட்டால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். தண்ணீரைப் பிரித்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 முதல் 55 யூனிட் மின்சாரம் வேண்டும். அதை 700 பார் அழுத்தத்துக்கு (நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப் போல ஏறக்குறைய 700 மடங்கு) அமுக்கி, குளிரவைத்து, காரில் ஏற்ற இன்னும் சில யூனிட். சரி, மொத்தம் 58 என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு கிலோவுக்குள் இருக்கும் ஆற்றல் 33 யூனிட். ஃபியூயல் செல் அதில் பாதியை மின்சாரமாக்கும், மீதி சூடாகப் போய்விடும். மோட்டாருக்குக் கடைசியில் கிடைப்பது 17 யூனிட், கார் ஓடுவது சுமார் 100 கி.மீ.

அதே 58 யூனிட்டை நேரடியாக ஒரு பேட்டரி காருக்கு ஏற்றுங்கள். கம்பியில் கொஞ்சம், சார்ஜரில் கொஞ்சம் என்று சேதாரம் போக 45 யூனிட்டாவது மோட்டாருக்குப் போகும். அதே கணக்கில் 250 கி.மீ.க்கு மேல் போகலாம்.

கண்டுபிடிப்பாளர்கள் திறமை போதாமல் வந்த வித்தியாசம் இல்லை இது, மின்சாரத்தை வாயுவாக்கி மறுபடி மின்சாரமாக்குகிற சுற்றுவழிக்குக் கட்டும் சுங்கம். சுங்கத்தைக் கட்டியும் போவது லாபம் என்கிற இடங்கள் இருக்கின்றன, கீழே வருகிறேன். சொந்த காரில் அலுவலகம் போய்வருவது அதில் சேராது என்பது என் முடிவு.

டேங்க் டேங்க் என்கிறார்களே, அதில் அப்படி என்ன சிக்கல்?

எடையில் பார்த்தால் ஹைட்ரஜனை அடித்துக்கொள்ள ஆளே இல்லை, கிலோவுக்கு பெட்ரோலைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு ஆற்றல். ஆனால் அது வாயு, அதுவும் உலகிலேயே லேசான வாயு, சாதாரண அழுத்தத்தில் ஒரு கிலோவுக்கு 11 கன மீட்டருக்கு மேல் இடம் கேட்கும். அதனால் 700 பாருக்கு அமுக்குகிறார்கள். அப்படி அமுக்கியும் ஒரு லிட்டர் இடத்தில் நிற்பது 40 கிராம்.

வீட்டு சமையல் சிலிண்டரை நினைத்துக்கொள்ளுங்கள்: 14.2 கிலோ வாயு, இரும்புச் சிலிண்டரின் எடையும் கிட்டத்தட்ட அதே அளவு, உள்ளே அழுத்தம் பத்து பாருக்கும் கீழே. மிராயில் ஹைட்ரஜன் 5.6 கிலோ, அதைத் தாங்கும் டேங்குகள் 90 கிலோவைத் தாண்டும். அதாவது தூக்குகிற எடையில் நூற்றுக்கு ஆறு பங்குதான் சரக்கு, மீதி பெட்டி. அந்தப் பெட்டியும் சாதாரண இரும்பு கிடையாது, உள்ளே பிளாஸ்டிக் உறை, அதன் மேல் கார்பன் ஃபைபர் நாரை பிசினில் தோய்த்து வரிவரியாகச் சுற்றியது. விலையில் பெரும்பங்கு அந்த நாருக்கே போகிறது. உருளையாகத்தான் இருக்க வேண்டும், பெட்ரோல் டேங்க் மாதிரி சீட்டுக்கடியில் நெளித்து வளைத்துச் செருக முடியாது. மிராய் நீளமான கார், ஆனாலும் உள்ளே இடம் நெருக்கடி என்று வாங்கினவர்கள் புலம்புவது இதனால்தான்.

இன்னொரு வழி திரவமாக்குவது. மைனஸ் 253 டிகிரிக்குக் குளிர்விக்க வேண்டும், அதற்கே கிலோவுக்கு 10 யூனிட்டுக்கு மேல் செலவு, அப்புறம் எவ்வளவுதான் போர்த்தி வைத்தாலும் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக்கொண்டே இருக்கும். தினமும் ஓடும் லாரிக்கு அது பரவாயில்லை, இரண்டு வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்து பார்க்கிற காருக்குச் சரிப்படாது.

நிரப்ப எவ்வளவு நேரம் ஆகும்?

காருக்கு மூன்றிலிருந்து ஐந்து நிமிடம். ஹைட்ரஜனுக்காக வாதாடுகிறவர்களின் துருப்புச் சீட்டே இதுதான், நியாயமானதும்கூட. ஆனால் அவசரமாக அமுக்கி ஏற்றும்போது டேங்குக்குள் சூடு ஏறும் என்பதால் பங்கிலேயே வாயுவை மைனஸ் 40 டிகிரிக்குக் குளிர்வித்து அனுப்புகிறார்கள். ஈரக்காற்று உள்ள நாளில் நாஸில் மேல் பனி படிந்து, காரின் வாயோடு ஒட்டிக்கொண்டு கழற்ற வராது, உருகும்வரை நிற்க வேண்டியதுதான். வரிசையாகச் சில கார்கள் நிரப்பிவிட்டால் பங்கின் சேமிப்புக் கலனில் அழுத்தம் இறங்கிவிடும், கம்ப்ரஸர் மறுபடி ஏற்றும்வரை அடுத்தவர் காத்திருக்க வேண்டும். ஐந்து நிமிடம் என்பது முதல் ஆளுக்கு.

வெடிக்காதா?

வெடிக்கக்கூடிய வாயுதான், மழுப்ப வேண்டாம். காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை எந்தக் கலவையிலும் பற்றும், பெட்ரோல் ஆவியைப் பற்றவைக்கத் தேவையான பொறியில் பத்தில் ஒரு பங்கு போதும், பகலில் அதன் தீ கண்ணுக்கே தெரியாத அளவு மங்கல். நல்ல குணம் ஒன்று உண்டு, கசிந்தால் தரையில் தேங்காமல் விர்ரென்று மேலே போய்விடும். திறந்த வெளியில் இது பெரிய பாதுகாப்பு, கூரை போட்ட இடத்தில் அதுவே ஆபத்து.

சமையல் வாயு மாதிரி நாற்றம் சேர்க்கலாமே என்று கேட்பார்கள். சேர்க்க முடியாது, அந்த நாற்றப் பொருளில் உள்ள கந்தகம் பிளாட்டினத்தைக் கெடுத்துவிடும். வண்டிக்குப் போடும் ஹைட்ரஜன் 99.97 சதவீதமாவது சுத்தமாக இருக்க வேண்டும். அதனால் மூக்கின் வேலையை சென்சார்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள், கசிவு தெரிந்ததும் வால்வு தானே மூடிக்கொள்ளும். தீப்பிடித்தால் டேங்க் வெடிக்காமல், சூட்டில் திறக்கும் ஒரு வால்வு வழியாக வாயு சீறி வெளியேறிவிடும்.

எல்லோரும் காட்டும் ஹிண்டன்பர்க் ஆகாயக் கப்பல் விபத்தில், 1937-இல் 36 பேர் இறந்தது உண்மை, ஆனால் அது துணி உறைக்குள் ஏராளமான ஹைட்ரஜனை நிரப்பி மிதந்த கப்பல், இன்றைய டேங்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பார்க்க வேண்டிய விபத்து வேறு. 2019 ஜூனில் நார்வேயில் ஆஸ்லோ பக்கம் சாண்ட்விகா என்ற ஊரில் ஒரு ஹைட்ரஜன் பங்க் வெடித்தது. காரணம் என்ன தெரியுமா? உயர் அழுத்தக் கலன் ஒன்றின் மூடியில் போல்ட்டுகளைச் சரியான இறுக்கத்துக்கு முடுக்கவில்லை. வெடிப்பில் நேரடியாக யாரும் சிக்கவில்லை, பக்கத்து சாலையில் போன காரில் அதிர்ச்சியால் ஏர்பேக் விரிந்து இரண்டு பேருக்குக் காயம். ஃபியூயல் செல் பாவம், அந்தக் கதையிலேயே இல்லை.

இந்தியாவில் ஹைட்ரஜன் கார் வாங்க முடியுமா?

இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அமைச்சர் நிதின் கட்கரி 2022 மார்ச்சில் மிராயில் ஏறி நாடாளுமன்றத்துக்குப் போன படம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும், அது சோதனை வண்டி. காரை வாங்கினாலும் எங்கே போய் நிரப்புவீர்கள்?

பங்க் இருந்த ஊரின் கதையையும் கேளுங்கள். கலிஃபோர்னியாவில் மிராய் ஆயிரக்கணக்கில் ஓடியது, 2023 வாக்கில் கிலோ விலை 36 டாலருக்குப் போனது, டேங்க் நிரப்ப 200 டாலர். 2024-இல் ஷெல் நிறுவனம் அங்கே தன் கார் பங்குகளை மூடிவிட்டது. ஹோண்டாவின் கிளாரிட்டி ஹைட்ரஜன் கார் 2021-இலேயே நின்றது, ஸ்டெல்லாண்டிஸ் கார் நிறுவனம் 2025 ஜூலையில் ஹைட்ரஜன் திட்டத்தையே கைவிட்டது. ஹூண்டாயும் டொயோட்டாவும் இன்னும் பிடிவாதமாக நிற்கிறார்கள்.

சரி, லாரி, பஸ்?

இங்கேதான் பேச்சு கொஞ்சம் சுவாரசியமாகிறது, ஏனென்றால் எடையும் நேரமும் காசாக மாறும் இடம் இது. நாள் முழுக்க பாரம் ஏற்றி ஓடும் லாரிக்குப் பல டன் பேட்டரி வைத்தால் அத்தனை டன் சரக்கு குறையும். டைம்லரின் திரவ ஹைட்ரஜன் லாரி 2023 செப்டம்பரில் ஜெர்மனியில் ஒரே நிரப்பலில் 1,047 கி.மீ. ஓடியது. ஸ்விட்சர்லாந்தில் ஹூண்டாய் லாரிகள் 2020 முதல் ஓடுகின்றன. மறுபக்கம், அமெரிக்காவில் பெரிதாகப் பேசப்பட்ட நிக்கோலா நிறுவனம் 2025 பிப்ரவரியில் திவால் மனு போட்டது. பேட்டரியும் ஆண்டுக்காண்டு விலை குறைந்துகொண்டே வருகிறது, அது நின்று காத்திருக்கப் போவதில்லை.

பஸ்ஸில் நிலைமை இன்னும் வெளிப்படை. பிரான்சின் மோன்பெலியே நகரம் 51 ஹைட்ரஜன் பஸ்களுக்குத் திட்டம் போட்டது, அப்புறம் ஓட்டச் செலவைக் கணக்குப் பார்த்தார்கள்: ஹைட்ரஜனுக்குக் கிலோமீட்டருக்கு 95 சென்ட், பேட்டரி பஸ்ஸுக்கு 15 சென்ட். 2022 ஜனவரியில் திட்டத்தை ரத்து செய்துவிட்டார்கள். செல்லின் ஆயுளில் குறை சொல்ல முடியாது, லண்டனில் ஓடிய பஸ்களில் 25,000 மணி நேரத்தைத் தாண்டியும் உழைத்திருக்கின்றன.

நம் நாட்டில் மத்திய அரசின் மின் நிறுவனமான என்.டி.பி.சி. லடாக்கின் லே நகரில் ஐந்து பஸ்களை விட்டிருக்கிறது, 11,562 அடி உயரம், குளிரில் பேட்டரி சுணங்கும் ஊர், பக்கத்திலேயே அதற்கென்று சூரிய மின் நிலையம். சோதிக்க இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது. 2025 மார்ச்சில் மத்திய அரசு 37 பஸ், லாரிகளையும் ஒன்பது நிரப்பும் நிலையங்களையும் சோதிக்க 208 கோடி ரூபாய் வரை உதவி அறிவித்தது, அதில் 15 வண்டிகள்தான் ஃபியூயல் செல், 22 வண்டிகள் ஹைட்ரஜனை இன்ஜினில் எரிப்பவை.

யாரும் பேசாத வெற்றி ஒன்று உண்டு: கிடங்குகளில் ஓடும் ஃபோர்க்லிஃப்ட். அமெரிக்காவில் 50,000-க்கும் மேல் ஃபியூயல் செல்லில் ஓடுகின்றன. மூன்று ஷிப்ட் வேலை, பேட்டரி மாற்ற ஒரு அறையும் ஆளும் தேவையில்லை, கூரைக்குள் புகை இல்லை, ஒரே ஒரு பங்க் போதும், வண்டி அந்த வளாகத்தை விட்டு வெளியே போவதே இல்லை. ஹைட்ரஜனுக்கு ஏற்ற வேலை எப்படி இருக்கும் என்று கேட்டால் இதைத்தான் காட்டுவேன்.

ரயிலுக்கு எதற்கு ஹைட்ரஜன், மேலே கம்பி இருக்கிறதே?

கம்பி இருக்கும் பாதையில் வேண்டவே வேண்டாம். கம்பி போட்டால் கட்டுப்படியாகாத கிளைப் பாதைகளுக்காகத்தான் ஆல்ஸ்டாம் நிறுவனம் கொராடியா ஐலின்ட் ரயிலை உருவாக்கி 2018-இல் ஜெர்மனியில் ஓடவிட்டது. 2022-இல் ஒரு ரயில் ஒரே நிரப்பலில் 1,175 கி.மீ. போனது. பெருமைதான், ஆனால் அந்த ரயில்களை முதலில் வாங்கிய லோயர் சாக்சனி மாநிலமே அடுத்து வாங்குவது பேட்டரி ரயில் என்று 2023-இல் சொல்லிவிட்டது, செலவு குறைவாம்.

இந்தியாவின் முதல் ஹைட்ரஜன் ரயில் ஹரியானாவில் ஜிந்த் - சோனிபட் பாதைக்கு என்று திட்டம். இரண்டு ஓட்டுநர் பெட்டிகள் ஒவ்வொன்றும் 1,200 கிலோவாட், நடுவில் எட்டுப் பயணிகள் பெட்டிகள். பெட்டி சென்னையிலுள்ள ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்.-இல் தயாராகி 2025 ஜூலையில் அங்கேயே சோதிக்கப்பட்டது. அகலப் பாதை கிட்டத்தட்ட முழுவதும் மின்மயமான நாட்டில் இதற்கு எங்கே இடம் என்று கேட்டால், பாரம்பரிய மலைப் பாதைகளைக் கைகாட்டுகிறார்கள், 35 ரயில்கள் திட்டத்தில் நம் நீலகிரி மலை ரயில் பாதையும் இருக்கிறது. ஊட்டி ரயிலில் புகை இல்லாமல் போனால் சுற்றுலாக்காரர்கள் சும்மா இருப்பார்களா என்பது தனிக் கேள்வி.

விமானம் உண்மையிலேயே பறந்திருக்கிறதா?

பறந்திருக்கிறது. 2008-இல் ஸ்பெயினில் போயிங் ஒரு சிறு மோட்டார் கிளைடரை, மேலே ஏற பேட்டரி உதவியோடு, சமதளத்தில் ஃபியூயல் செல்லால் மட்டும் ஓட்டியது. அடுத்த ஆண்டு ஹாம்பர்கில் அன்டாரஸ் என்ற ஜெர்மன் விமானம் தரையிலிருந்து கிளம்புவதையே ஃபியூயல் செல்லால் செய்தது. ஸ்டுட்கார்ட்டில் 2016-இல் நான்கு சீட் எச்.ஒய்.4 வந்தது. அதே விமானம் 2023 செப்டம்பரில் ஸ்லோவீனியாவின் மாரிபோரில் திரவ ஹைட்ரஜனோடு பறந்தபோது ஒரு பறப்பு மூன்று மணி நேரத்தைத் தாண்டியது.

பெரிய விமானங்களில் 2023 ஜனவரியில் இங்கிலாந்தில் ஜீரோஏவியா பறக்கவிட்ட டோர்னியர் 228-ஐச் சொல்ல வேண்டும். 19 சீட் விமானம், நம் நாட்டு விமான நிறுவனமான எச்.ஏ.எல். கான்பூரில் தயாரிக்கும் அதே ரகம். இடது இறக்கையில் மின் மோட்டார், வலது இறக்கையில் பழைய இன்ஜின் அப்படியே. பயணிகள் உட்கார வேண்டிய இடத்தில் டேங்கும் ஃபியூயல் செல்லும். இடது பக்க மோட்டாருக்குமே பாதி பலம் பேட்டரியிலிருந்து வந்தது. பத்து நிமிடம் பறந்து இறங்கியது. இரண்டு மாதத்தில் அமெரிக்காவில் யுனிவர்சல் ஹைட்ரஜன் நிறுவனம் 40 சீட் டேஷ் 8 விமானத்தில் ஒரு பக்கம் மட்டும் ஃபியூயல் செல் வைத்துப் பதினைந்து நிமிடம் பறந்தது, மேலே போனதும் மறுபக்க இன்ஜினை விமானி கிட்டத்தட்ட அடக்கிவிட்டு ஹைட்ரஜனிலேயே ஓட்டினார். 2024-இல் அந்த நிறுவனம் பணம் திரட்ட முடியாமல் மூடப்பட்டது. அதே 2024-இல் ஜோபி நிறுவனத்தின் செங்குத்தாக எழும் விமானம் ஆளில்லாமல் 523 மைல் போய் இறங்கியது, டேங்கில் பத்து சதவீதம் மிச்சம் வைத்து.

அப்புறம் ஏன் 200 பேர் போகும் விமானம் வரவில்லை?

இரண்டு காரணம். முதலாவது பழைய வில்லனான டேங்க். ஏர்பஸ் ஏ320 பயணிகள் விமானத்தில் சுமார் 24,000 லிட்டர் எரிபொருள் பிடிக்கும், எடை 19 டன். அதே ஆற்றலுக்குத் திரவ ஹைட்ரஜன் 7 டன் போதும், 12 டன் மிச்சம், கேட்கவே இனிக்கிறது. கொள்ளளவு மட்டும் நான்கு மடங்கு, ஒரு லட்சம் லிட்டர். இன்று எரிபொருள் இறக்கைக்குள் இருக்கிறது, ஹைட்ரஜன் டேங்கை இறக்கைக்குள் வைக்க முடியாது, உருண்டையாகவோ உருளையாகவோ உடலுக்குள்தான் வைக்க வேண்டும், அதாவது பின்பக்க சீட்டுகள் போச்சு. டேங்கின் சொந்த எடை, போர்வை, குழாய், பம்ப் எல்லாம் சேர்ந்தால் மிச்சம் பிடித்த 12 டன்னும் கரைகிறது.

இரண்டாவதை யாரும் அதிகம் பேசுவதில்லை: சூடு. 2 மெகாவாட் தரும் ஃபியூயல் செல் முழு மூச்சில் ஓடும்போது கிட்டத்தட்ட இன்னொரு 2 மெகாவாட்டைச் சூடாகக் கக்கும். ஜெட் இன்ஜினும் சூட்டைக் கக்குகிறது, ஆனால் பின்னால் புகையோடு வெளியே தள்ளிவிடும். ஃபியூயல் செல்லின் சூடு செல்லுக்குள்ளேயே, வெறும் 80 டிகிரியில் நிற்கும். மே மாதம் மீனம்பாக்கத்தில் 40 டிகிரி வெயிலில் கிளம்புகிறது என்று வையுங்கள், வித்தியாசம் 40 டிகிரிதான். அவ்வளவு குறைந்த வித்தியாசத்தில் 2 மெகாவாட்டை வெளியேற்ற ரேடியேட்டர் மகா பெரிதாக வேண்டும், பெரிதானால் காற்றில் இழுவை, இழுவைக்கு இன்னும் சக்தி, சக்திக்கு இன்னும் சூடு. மேலே போனால் குளிர் உண்டு, காற்று குறைவு, செல்லுக்கு மூச்சுக் காற்றை அமுக்கித் தர கம்ப்ரஸரே ஒரு பங்கு மின்சாரத்தைத் தின்றுவிடும். இதற்காகவே 120 டிகிரிக்கு மேல் வேலை செய்யும் சவ்வுகளை உருவாக்க முயல்கிறார்கள்.

ஏர்பஸ் 2020-இல் "2035-க்குள் ஹைட்ரஜன் விமானம்" என்றது. 2025 தொடக்கத்தில் ஐந்திலிருந்து பத்து ஆண்டு தள்ளிப் போகும் என்று ஒப்புக்கொண்டது, அதே சமயம் வடிவத்தையும் முடிவு செய்தது: தலா 2 மெகாவாட் கொண்ட நான்கு ஃபியூயல் செல் இன்ஜின்கள். ஹைட்ரஜனை இன்ஜினில் எரிக்கும் வகையை விட்டுவிட்டு இதைத் தேர்ந்தது முக்கியமான செய்தி.

பேட்டரி விமானமே போதாதா?

பயிற்சி விமானத்துக்கும் நகருக்குள் தாவுவதற்கும் போதும். விமான எரிபொருள் கிலோவுக்கு 12 யூனிட், பேட்டரி கால் யூனிட்கூட இல்லை. மோட்டார் எவ்வளவு திறமையாக இருந்தாலும் இந்தப் பள்ளத்தை நிரப்ப முடியாது. தரையில் பேட்டரியிடம் தோற்கிற ஹைட்ரஜனுக்கு வானத்தில் மட்டும் போட்டி ஏன் குறைவு என்பது இதில்தான் இருக்கிறது. சில நூறு கிலோமீட்டர் போகும் 20 முதல் 80 சீட் விமானங்களில் முதலில் வரும் என்று நினைக்கிறேன். சென்னையிலிருந்து லண்டனுக்கு என்றால் என் வாழ்நாளில் வராது.

வானத்தில் வெள்ளைக் கோடு அதிகமாகாதா?

நல்ல கேள்வி. அதே ஆற்றலுக்கு ஹைட்ரஜன் விடும் நீராவி சாதாரண விமான எரிபொருளைப் போல 2.6 மடங்கு. ஆனால் அந்தக் கோடு என்பது நீராவி உறைந்த பனித்துகள், அது உருவாகப் பிடிமானம் வேண்டும், ஜெட் இன்ஜினில் அது கரிப்புகை. ஃபியூயல் செல்லில் கரி இல்லை, ஆகவே துகள் எண்ணிக்கை குறையும், உருவாகும் துகள் பெரிதாகிச் சீக்கிரம் விழும் என்று எதிர்பார்க்கிறார்கள்.

ஹைட்ரஜனை நேரடியாக இன்ஜினில் எரித்தால் என்ன?

எரிக்கலாம். சோவியத் யூனியனின் டி.யு. 155 விமானம் 1988 ஏப்ரலிலேயே ஒரு இன்ஜினில் திரவ ஹைட்ரஜனை எரித்துப் பறந்தது. அசோக் லேலண்டும் ரிலையன்ஸும் 2023-இல் அப்படி ஒரு லாரியைக் காட்டின. விலை குறைவு, மெக்கானிக்குக்குப் பழக்கமான இன்ஜின், ஹைட்ரஜன் அவ்வளவு சுத்தமாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. குறை என்னவென்றால், சூட்டில் காற்றிலுள்ள நைட்ரஜன் எரிந்து நைட்ரஜன் ஆக்சைடு வரும், மைலேஜும் ஃபியூயல் செல்லைவிடக் குறைவு.

தமிழ்நாட்டில் என்ன நடக்கிறது?

ஐ.சி.எஃப். பற்றிச் சொல்லிவிட்டேன். லே பஸ்களைச் செய்தது அசோக் லேலண்ட். தரமணி ஐ.ஐ.டி. ஆராய்ச்சிப் பூங்காவில் மத்திய அரசின் ஆராய்ச்சி நிறுவனமான ஏ.ஆர்.சி.ஐ.-யின் ஃபியூயல் செல் மையம் பல காலமாக இயங்குகிறது, அதிகம் பேருக்குத் தெரியாது. ஹூண்டாய் 180 கோடி ரூபாயில் ஐ.ஐ.டி. மெட்ராஸோடு ஒரு ஹைட்ரஜன் மையம் அமைப்பதாக 2024-இல் அறிவித்தது. கொச்சி கப்பல் கட்டும் தளம் செய்த, நாட்டின் முதல் ஃபியூயல் செல் படகை பிரதமர் 2024 பிப்ரவரி 28-இல் தொடங்கி வைத்தது தூத்துக்குடியிலிருந்து. 50 பேர் போகலாம், படகு காசிக்குப் போயிற்று. தூத்துக்குடி துறைமுகத்திலேயே சிறிய அளவில் பச்சை ஹைட்ரஜன் தயாரிப்பும் தொடங்கியிருக்கிறது.

எனக்குப் பெரிதாகத் தெரிவது மகேந்திரகிரி. இஸ்ரோ அங்கே கிரையோஜெனிக் (மிகக் குளிர்ந்த திரவ எரிபொருளில் ஓடும்) ராக்கெட் இன்ஜின்களைச் சோதிக்கப் பல்லாண்டாகத் திரவ ஹைட்ரஜனைக் கையாள்கிறது. மைனஸ் 253 டிகிரியில் எந்த வால்வு இறுகும், எந்த சீல் கசியும் என்று கைப்பழக்கத்தில் தெரிந்த ஆட்கள் திருநெல்வேலிப் பக்கம் இருக்கிறார்கள். விமானத்துக்கு டேங்க் செய்ய நினைக்கும் யாருக்கும் அந்த அனுபவம் காசு கொடுத்தாலும் கிடைக்காது.

தண்ணீர் ஊற்றினால் ஓடும் பைக் என்று வீடியோ வருகிறதே, அது இதுதானா?

இல்லை. மூலிகை பெட்ரோல் பார்த்த ஊர் நாம், கொஞ்சம் உஷாராக இருக்கலாம். தண்ணீர் என்பது ஏற்கெனவே எரிந்து முடிந்த ஹைட்ரஜன். அதைப் பிரிக்கக் கொடுக்கும் மின்சாரம், திரும்பச் சேர்க்கும்போது கிடைப்பதைவிட எப்போதும் அதிகம், மேலே 58 யூனிட் கொடுத்து 17 வாங்கிய கணக்கைப் பாருங்கள். பைக் பேட்டரியில் தண்ணீரைப் பிரித்து அதே பைக்கை ஓட்டுவதாகச் சொல்லி ஐயாயிரம், பத்தாயிரத்துக்கு கிட் விற்கிறார்கள். வாங்காதீர்கள். ஏற்கெனவே மாட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள், ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்த வாயு ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் சீட்டுக்கடியில் இருக்கிறது.